தக்க பாதுகாப்பு

க், ச், த், ப் என்ற நான்கு எழுத்துகளை வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் வயிறு கழுவிய மனுஷர் என்று அந்த அச்சகத்தில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். பிழைதிருத்துபவர். அவருக்குப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே தலைகாட்டும். மற்ற நாளெல்லாம் 'ஒற்று'. வயதில் சிறியவர்களுக்கு 'ஒற்று சார்'. எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலேயே சண்டை போட்டு, ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தி ஒரு 'ப்'பைப் பிடுங்கி எறிந்தவர்.

"உங்களுக்கு ஏன் சார் கல்யாணம் ஆகல?" என்று யாராவது வாயைக் கிளறினால், "பொண்ணு வீட்டுலருந்து எழுதினதுல மூணு சந்திப்பிழை. திருத்தி அனுப்பினேன். அப்புறம் பதிலே இல்ல" என்பார். அது உண்மையா, கதையா என்று யாருக்கும் தெரியாது. பல தடவை சொல்லிச் சொல்லி அவருக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவரின் மேஜைக்குத்தான் ஒரு நாள் அந்த மடிப்புத் தாள் வந்தது. வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. தடுப்பு பற்றி மருத்துவமனை அடிக்கக் கொடுத்தது. எழுதியவர் அங்கே ஆலோசகராக இருக்கும் ஓர் அம்மாள். எதிரே உட்கார வைத்துப் பேசுவதுபோல எழுதியிருந்தார். 'ஒவ்வொரு தடவையும் ஆணுறை போடுங்கள். தெரிந்தவர், தெரியாதவர், நல்லவர், கெட்டவர் என்று கிருமி ஆள் பார்ப்பதில்லை' என்று இரண்டு வரி.

தமிழ் மோசமில்லை. சங்கடம் வேறு இடத்தில் இருந்தது.

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம். ஒற்று மூலப்படியைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசிப்பார். எதிரே கணினிக்காரம்மா திரையைப் பார்த்துச் சரிபார்ப்பாள். காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் சத்தமாக வரும். கேட்கிறவர்களுக்கு யாரோ புள்ளிகளை ஏலம் விடுகிறார்கள் என்று தோன்றும். கவிதையானாலும் கடன் பத்திரமானாலும் ஒரே குரல், ஒரே ராகம். அந்த ராகத்தில் அன்று 'ஒவ்வொரு தடவையும்' வரை வந்தவர் நின்றார். இருமினார். தண்ணீர் குடித்தார். எழுந்து பாத்ரூம் வரை போய் ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தார். வார்த்தை அங்கேயே உட்கார்ந்திருந்தது.

எதிரே இருப்பவள் குடும்பப் பெண். அவள் முன்னால் இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று தனக்குத் தானே ஒரு நியாயம் செய்துகொண்டு, சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்த இரண்டு வரியையும் நீளமாக வெட்டினார். மேலே எழுதினார்: 'முன்பின் தெரியாதவர்களுடன் உறவைத் தவிர்க்கவும். தக்க பாதுகாப்பு முறைகளைக் கையாளவும்.'

கணினிக்காரம்மா அதை 'தக்கப் பாதுகாப்பு' என்று அடித்துவிட்டாள்.

"பெயரெச்சத்துக்குப் பின்னாடி மிகாதும்மா. அந்தப் 'ப்'ப எடு."

எடுத்தாள். அன்றைக்கு அவருக்கு முழுத் திருப்தி. ஆணுறை போனது தெரியவில்லை. ஒரு 'ப்' போனது பெரிதாகத் தெரிந்தது. மருத்துவமனையின் மேலதிகாரி ஒருவர் இறுதிப் படியைப் பார்த்து 'கண்ணியமாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டார். கட்டுக் கட்டாக அடித்து, பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் விடுதிகளுக்கும் போய்விட்டது.

அதோடு விட்டிருந்தால்கூட ஊரோடு போயிருக்கும். ஆனால் அக்கா ஒரு வேலை சொல்லியிருந்தாள்.

அக்கா தையல்காரி. விடுதிகளுக்குத் தலையணை உறை, மெத்தை உறை தைத்துக் கொடுத்துத்தான் அப்பா இல்லாத பிள்ளையை வளர்த்தாள். ஒற்றுவின் குடித்தனம் அவள் வீட்டு மாடி அறையில், சாப்பாடு கீழே. பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. காலும் கழுத்தும் மட்டும் வளர்ந்ததால் 'கொக்கு' என்று பெயர் வைத்ததும் தாய்மாமன்தான். பகலில் கல்லூரி, சாயங்காலம் ஒரு துணிக்கடையில் வேலை.

"தம்பி, அவன் வயசு சரியில்லாத வயசு. போன்ல பேசறப்ப குரல் மாறுது. நீ ஆம்பளை. நல்லது கெட்டது நாலு வார்த்தை சொல்லு" என்றாள் அக்கா ஒரு நாள்.

"நானா? நீச்சல் தெரியாதவனக் கூப்பிட்டு கிணத்துல இறங்கச் சொல்றியே."

"விளையாடாத. சொல்றியா, இல்லையா?"

"சொல்றேன்."

சொன்னார். எப்படி என்றால், அச்சகத்திலிருந்து கொண்டுவந்த மடிப்புத் தாளைக் கொக்கின் பைக்குள் செருகி, "எல்லாம் இதுல இருக்கு. படிச்சுக்கோ. அச்சுப்பிழை ஒண்ணுகூட கிடையாது" என்றார். அக்காவிடம் போய், "சொல்லிட்டேன்" என்றார். அன்று சாப்பாட்டில் இரண்டாவது கரண்டி கூடுதலாகவே விழுந்தது. வெட்கமில்லாமல் சாப்பிட்டார்.

அது நடந்து கொஞ்ச மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி டீ நேரத்தில் கொக்கு அச்சக வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. காகிதக் கட்டுகளுக்கு நடுவே கழுத்து மட்டும் தெரிந்தது.

"என்னடா, கொக்கு குளத்த விட்டுட்டு இங்க வந்து நிக்குது?"

கொக்கு சிரிக்கவில்லை. "மாமா, வெளிய வா."

பின்பக்கம், வெட்டிய காகிதத் துண்டுகள் மலையாகக் குவிந்த இடத்துக்கு இருவரும் போனார்கள். கொக்கு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"கடையில என்கூட வேலை பாக்கறா இல்ல, பில் போடறவ... அவளும் நானும்... ஞாயித்துக்கிழமை."

ஒற்றுவுக்குக் காது சூடானது. ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை. "வாக்கியத்த முடிக்காம விடற. பயனிலை எங்கடா?"

"மாமா!" கொக்கின் கண் நிறைந்துவிட்டது. "இன்னிக்குக் காலைல அவ போன் பண்ணா. முன்னாடி பழகினவன் ஏதோ சொன்னான்னு நேத்துப் போய் டெஸ்ட் எடுத்திருக்கா. அவளுக்கு எச்.ஐ.வி. இருக்காம். 'நீ உடனே ஆஸ்பத்திரி போ, வெட்கப்பட்டு வீட்டுல உக்காந்துடாத'ன்னு அழுதுகிட்டே சொன்னா."

உள்ளே மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. ஒற்றுவின் வாயில் அந்த நேரத்துக்கு ஒரு நகைச்சுவையும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

"ஏண்டா... அது... போட்டுக்கலையா?"

"எது?"

"அதான்டா."

"நீ அந்த வார்த்தையச் சொல்லவே மாட்ட, இல்ல?" கொக்கு மூக்கை உறிஞ்சினான். "அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியும் மாமா. அது குழந்தை வேணாங்கறவங்களுக்குன்னு நினைச்சேன். அவ மாத்திரை சாப்பிடறா. அப்புறம் நோய்... நீ குடுத்த தாள நாலு தடவை படிச்சேன். 'முன்பின் தெரியாதவர்களுடன்'னு போட்டிருந்துச்சு. அவள எனக்கு ஒரு வருஷமா தெரியும். அவங்க வீட்டு நாய்கூட என்னப் பாத்துக் குரைக்காது."

"தக்க பாதுகாப்புன்னு..."

"கதவத் தாழ்ப்பாள் போட்டோம்."

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னான். ஒற்று பக்கத்திலிருந்த காகிதக் குவியலின் மேல் உட்கார்ந்தார். அது அவர் பாரம் தாங்காமல் உள்ளே போனது. அவரும் கூடவே போனார். கொக்குதான் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸில் கொக்கு ஜன்னல் ஓரம். ஒற்று கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார். எல்லாவற்றிலும் ஒற்று இல்லை, அல்லது கூடாத இடத்தில் இருந்தது. எப்போதும் கடுப்பாக இருக்கும். அன்று எல்லாப் பலகையும் தன்னைவிட யோக்கியமாகத் தோன்றியது. இட்லிக்கடை என்று எழுத ஆசைப்பட்டவன் எப்படியோ எழுதியிருக்கிறான். ஆனால் உள்ளே போனால் இட்லி கிடைக்கும்.

ஆலோசகர் அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரோரம் ஒரு மின்விசிறி. அந்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொக்கைப் பார்த்தார். "வா தம்பி. இவர் யாரு, உள்ள இருக்கலாமா, வெளிய இருக்கணுமா? நீ சொல்றதுதான்."

"மாமா. இருக்கட்டும்."

அம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். முகம் சுளிக்கவில்லை, உச்சுக் கொட்டவில்லை. "ஞாயித்துக்கிழமையா? நல்ல வேளை, வந்துட்ட. மூணு நாளுக்குள்ள மருந்து ஆரம்பிக்கணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இருபத்தெட்டு நாள், ஒரு வேளைகூட விடக்கூடாது. பெரும்பாலும் தடுத்துடும். நூத்துக்கு நூறுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இன்னிக்கும் ரத்தம் எடுப்போம். ஆனா ஞாயித்துக்கிழமை நடந்தத இன்னிய ரத்தம் சொல்லாது. மாத்திரை முடிஞ்சு ஒண்ணு, மூணு மாசத்துல ஒண்ணு பாக்கணும். அதுவரைக்கும் ஆணுறை இல்லாம ஒண்ணும் கூடாது. புரியுதா?"

புரிகிறது என்று கொக்கு தலையாட்டினான். ஒற்றுவும் கூடவே ஆட்டினார். ஏன் ஆட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அம்மா டம்ளர்ல தண்ணி குடிக்கலாமா?"

"குடி. அவங்க தட்டுல சாப்பிடு. மடியில படு. அதுலயெல்லாம் வராது. அப்படியே வந்தாலும் இப்ப மருந்து இருக்கு, ஒழுங்கா சாப்பிட்டா எல்லாரையும் மாதிரி வயசாகித்தான் போவ. அந்தப் பொண்ணையும் என்கிட்ட வரச் சொல்லு. வெட்கத்த முழுங்கிட்டு உனக்குப் போன் பண்ணா பாரு, அவ நல்லா இருக்கணும்."

பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு மடிப்புத் தாளை எடுத்தார். கொக்கிடம் கொடுப்பதற்கு முன், கைப்பழக்கமாக ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து அதில் ஏதோ எழுதினார். ஒற்று எட்டிப் பார்த்தார். 'முன்பின் தெரியாதவர்களுடன்' என்பதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில், 'யாராக இருந்தாலும் ஆணுறை.'

இருபத்தைந்து வருஷத்தில் ஒற்று திருத்திய படியில் இன்னொருவர் சிவப்பு மை வைத்ததில்லை.

"எல்லாத்துலயும் இப்படித்தான் எழுதிக் குடுக்கறீங்களா?" என்றார் மெல்ல.

"வேற என்ன செய்ய? நான் பச்சைப் பிள்ளைக்கும் புரியற மாதிரி எழுதிக் குடுத்தேன். அச்சாபீஸ்ல யாரோ தமிழ் தெரிஞ்ச மனுஷன் கைய வெச்சுட்டார். தமிழ் ரொம்ப நல்லா இருக்கு. விஷயம்தான் இல்ல. இங்க வர்ற நாலு பேருக்கு நான் எழுதிக் குடுத்துடுவேன். இங்க வராதவங்களுக்கு?"

கொக்கு மாமாவைப் பார்த்தான். சொல்லிவிடுவானோ என்று ஒற்று பயந்தார். அவன் சொல்லவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அவன் சொல்லியிருந்தால் தேவலை என்று படியிறங்கும்போது தோன்றியது.

வெளியே ஒரு கடையில் டீ வாங்கினார்கள். முதல் மாத்திரையை விழுங்கிய கொக்குக்கு டீ பாதிக்கு மேல் இறங்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தான். ஒற்று சட்டென்று அதை எடுத்துக் குடித்தார். தியாகம் செய்கிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டார். அடுத்த வினாடியே அந்த முகத்தை அவருக்கே அறையத் தோன்றியது. டம்ளரால் வராது என்று அந்த அம்மாள் இப்போதுதானே சொன்னார்! வராத ஒன்றுக்கு வீரம் காட்டுவது என்ன வீரம்? வருகிற ஒன்றுக்கு வாயைத் திறந்திருக்க வேண்டும். அப்போது இருமினாரே, அந்த இருமல்தான் இப்போது நெஞ்சில் நின்றது.

"சர்க்கரை கம்மி" என்றார்.

"அழாத மாமா" என்றான் கொக்கு.

வீட்டில் மாத்திரை டப்பாவை அக்கா முதல் நாளே பார்த்துவிட்டாள்.

"என்னடா இது?"

கொக்கு திணறினான். ஒற்று முந்திக்கொண்டார். "சத்து மாத்திரைக்கா. கழுத்து மட்டும் வளர்ந்துட்டே போகுதுன்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

அக்கா நம்பிக்கொண்டு தையல் மெஷினுக்குப் போனாள். கொக்கு மாடிப்படியில் அவரை மடக்கினான்.

"மறுபடியும் வார்த்தைய மாத்தற."

"உங்கம்மா பயந்துடுவாடா."

"அன்னிக்கு யாரு பயந்துடுவாங்கன்னு மாத்தின?"

கணினிக்காரம்மா என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அதுவும் ஒரு 'தக்க பாதுகாப்பு' ஆகிவிடும் என்று விட்டுவிட்டார்.

அந்த மாத்திரை கொக்கின் வயிற்றைப் புரட்டியது. ஆனாலும் விடவில்லை. சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான், டம்ளரை அவனே அலம்பினான். "பையன் திருந்திட்டான்" என்று அக்கா பெருமைப்பட்டாள். ஒற்று அவன் பக்கம் சாய்ந்தார். "தட்டுல வராதுடா" என்று காதோடு சொன்னார். "தெரியும் மாமா. கை கேக்க மாட்டேங்குது" என்றான்.

ஒரு வாரம்கூட அவன் பொய்யைத் தாங்கவில்லை. தாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், உள்ள வார்த்தைகளைப் போட்டே. மறுநாள் காலையில் அக்கா மாடிக்கு ஏறி வந்தாள். முழங்கால் வலிக்காரி, மாடிக்கு வருவதே கிடையாது. ஒற்று சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் நுரையோடு எழுந்து நின்றார்.

"சத்து மாத்திரையாம்" என்றாள்.

அவர் ரேஸரைக் கீழே வைத்தார்.

"உன்கிட்ட ஒரு வேலை சொன்னேன்."

கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவள் கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவருடைய தலையணை உறையின் பிரிந்த தையலைக் கைபாட்டுக்கு நீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தத் தாள்ல அந்த வார்த்தைய வெட்டினது நான்தான். அவன் சொன்னானா?"

"சொல்லல. அத மட்டும் சொல்லல." ஒரு நூல் பிசிறைப் பிய்த்து எறிந்தாள். "எனக்கு வாய் வரலைன்னுதான் உன்கிட்டத் தள்ளினேன். உனக்கும் வாய் இல்லைன்னு அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வாய் பண்ணியிருக்கலாம்."

எழுந்தாள். படியில் இறங்கும்போது நின்று, "அந்தப் பொண்ணு எப்படி இருக்காளாம்? அவளுக்கு யார் இருக்காங்க?" என்று கேட்டாள்.

ஒற்றுவுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அதுவும் கணக்கில் சேர்ந்தது.

ஒரு கன்னத்தைச் சவரம் செய்து, மறு கன்னத்தை மறந்துவிட்டு அன்று அச்சகத்துக்குப் போனார். வழியெல்லாம் ஒன்றுதான் ஓடியது. கொக்குக்கு ஓடிவர ஓர் அச்சகம் இருந்தது. மாமா என்று ஒரு முட்டாள் இருந்தான். உண்மையைச் சொல்ல ஒரு பெண் இருந்தாள். அதே தாளைப் படித்து, முன்பின் தெரிந்தவர்களோடு கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட மற்ற பிள்ளைகள்? அவர்களுக்கு யார் போன் செய்வார்கள்?

நேராக முதலாளியிடம் போனார். "ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடிக்கணும். என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க."

முதலாளி அவருடைய பாதிக் கன்னத்தையும் மீதிக் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா? பிழைதிருத்தச் சீட்டு ஒட்டின புத்தகம் விதவைன்னு சொல்வீங்களே."

"சொன்னேன். என் வாயில நல்லது எப்ப வந்துச்சு?"

சீட்டு கட்டைவிரல் அகலம். இடப்பக்கம் 'பிழை', வலப்பக்கம் 'திருத்தம்'. எழுதிவிட்டார். இனி வழக்கப்படி வாசிக்க வேண்டும். கணினிக்காரம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள். உள்ளே பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் சொல்லிவிட்டால் அவளுக்கு மட்டும் கேட்கும் என்று ஒரு கணக்குப் போட்டார். மூச்சை இழுத்துப் பிடித்து, மெஷினையும் மீறிக் கத்தினார்.

"யாராக இருந்தாலும் காற்புள்ளி ஒவ்வொரு தடவையும் ஆணுறை..."

'ஆணுறை'க்குச் சரியாக மெஷின் நின்றது. காகிதம் சிக்கிக்கொண்டதாம். அச்சகம் முழுக்க அந்த ஒரு வார்த்தை கிண்ணென்று எதிரொலித்தது. பைண்டிங் பகுதியில் ஒருவர் பசைக் கிண்ணத்தைக் கீழே போட்டார். காகிதக் கட்டு சுமப்பவர் சுமையோடு அப்படியே நின்றார்.

கணினிக்காரம்மா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு சுழி 'ணு'தானே சார்?"

"மூணு சுழி."

"வல்லின 'றை'."

"வல்லினம்." குரல் உள்ளே போய்விட்டது.

"இந்த வார்த்தைய அன்னிக்கே அடிச்சு வெச்சிருந்தேனே சார். படி வந்த உடனே மூணு பக்கமும் அடிச்சிட்டேன். நீங்கதான் வெட்டினீங்க. நான் ஏதோ இலக்கணப் பிழைன்னு நினைச்சேன்."

"இல்லம்மா... நீ இருக்கியேன்னு..."

அவள் இப்போதுதான் திரும்பினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் ரெண்டு பிள்ள பெத்தவ சார். எங்க வீட்டுல மருந்துக்கடைக்குப் போய் அத வாங்கிட்டு வர்றதே நான்தான். அவருக்கு வெட்கம்" என்றாள்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. ஒற்றுவுக்கு அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நன்றாக இருக்கும்போல இருந்தது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று இத்தனை நாள் தனக்குத் தானே சொல்லிவந்த அந்த ஒரு நியாயமும் போய்விட்டது.

சீட்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிகளுக்குப் போனார். சனிக்கிழமைகளில் கல்லூரி நூலகங்களுக்கு. மீதமிருந்த தாள்களில் ஒட்டினார். மீதமில்லாத இடங்களில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். 'என்ன சார் விக்கறீங்க?' என்று ஒரு காவலாளி கேட்டார். "என் மானத்த. ஓசியிலயே தர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பல இடங்களில் தாள்கள் எப்போதோ கை மாறிப் போயிருந்தன. அங்கெல்லாம் காலி அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

மூன்றாவது மாதம். கடைசி ரத்தப் பரிசோதனையின் முடிவைச் சொல்லும் நாள். மருத்துவமனை வராந்தாவில் பெஞ்சு. அக்கா வந்திருந்தாள். முன்னதாக அந்தப் பில் போடும் பெண்ணையும் ஒரு நாள் இங்கே அழைத்து வந்தது அவள்தான். இப்போது அந்தப் பெண் மருந்து சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள். இன்று வரவில்லை, முடிவு எப்படி இருந்தாலும் போன் செய்யச் சொல்லியிருக்கிறாளாம்.

கொக்கு உள்ளே போனதும் ஒற்றுவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆலோசகர் அறையில் மிச்சமிருந்த தாள்களை முன்பே கேட்டு வாங்கியிருந்தார். அதைக் கேட்ட அன்று, வாசற்படியிலேயே நின்று சொல்லிவிட்டார்: "அந்தத் தமிழ் தெரிஞ்ச மனுஷன் நான்தாம்மா." அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு இழுப்பறையோடு தூக்கி அவர் கையில் கொடுத்து, "பசை உங்களோடதா, என்னோடதா?" என்று மட்டும் கேட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஒற்றுவும் எதிர்பார்க்கவில்லை.

அக்காவும் அவரும் பெஞ்சில் உட்கார்ந்து சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா தையல்காரி கை. ஓரம் பிசகாமல் ஒட்டினாள். கதவு திறந்தது. கொக்கு வந்து நின்றான்.

"இல்ல மாமா."

"எது இல்ல? எழுவாய் போட்டுச் சொல்லுடா பாவி!"

"கிருமி. கிருமி இல்ல. எழுவாய் போதுமா?"

அக்கா மகனின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அதற்கு மேல் அவளுக்கு எட்டாது. ஒற்று சிரிக்கத்தான் பார்த்தார். முகம் வேறு பக்கம் போனது. குனிந்து மடியிலிருந்த தாளைப் பார்ப்பதுபோல் நடித்தார். நடிக்கப் போய் உண்மையாகவே படித்துவிட்டார்.

'யாராக இருந்தாலும், ஒவ்வொருத் தடவையும் ஆணுறை.'

ஒவ்வொருத் தடவையும்.

அங்கே 'த்' வரக் கூடாது. குழந்தைக்குத் தெரியும். ஆணுறைக்கு எத்தனை சுழி என்று கத்துகிற அவசரத்தில் கணினிக்காரம்மா அடித்த ஒரு 'த்' தப்பித்துவிட்டது. விடுதி விடுதியாக, பலகை பலகையாக, ஊரெல்லாம் அந்த 'த்' உட்கார்ந்திருக்கிறது. திருத்தச் சீட்டிலேயே பிழை. கை தானாகச் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது.

பெஞ்சின் மறுமுனையில் வெகுநேரமாக ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கொக்கு வயதுதான் இருக்கும். பையன் மெல்ல நகர்ந்து வந்தான்.

"சார், அது சும்மாவா? ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ."

எடுத்தான். அங்கேயே விரித்தான். விரல் வரிகளின் மேல் ஊர்ந்து, சீட்டு ஒட்டிய மேட்டில் தட்டி நின்றது.

"இங்க ஏதோ ஒட்டியிருக்கே சார். என்னது?"

ஒற்றுவுக்கு இருமல் வந்தது. விழுங்கினார். அக்கா பார்த்தாள். கொக்கு பார்த்தான்.

"ஆணுறை" என்றார், வராந்தாவின் கடைசி வரை கேட்கும் குரலில், புள்ளிகளை ஏலம் விடுகிற அதே ராகத்தில். "யாரா இருந்தாலும். ஒவ்வொரு தடவையும். முன்னாடி அங்க ஒரு தப்பு இருந்துச்சு தம்பி. என் தப்பு."

பையன் அந்தப் பெண்ணிடம் போய்த் தாளைக் காட்டினான். இருவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு அந்தச் சீட்டைப் படித்தார்கள். அவர்கள் இருவருக்கும் அந்த 'த்' கண்ணில் படவில்லை.

ஒற்று சிவப்புப் பேனாவின் மூடியை மறுபடி மாட்டினார். இனி எங்கே போனாலும் அந்த 'த்' அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பார்க்கட்டும். காலி அலமாரிகளை நினைத்தால் அது ரொம்பச் சின்ன தண்டனை.

"பசையக் குடுக்கா" என்றார்.